சுவரில் மரச்சட்டப் பேனல்: பொருள் நன்று, ஒட்டும் முறைதான் சரியில்லை

எங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சி மாட்டியிருக்கும் சுவருக்கு, கறுப்பு ஃபெல்ட் மேல் மெல்லிய மரச்சட்டங்கள் வரிசையாகப் பதித்த பேனல்களை வாங்கி, ஆள் வைக்காமல் நானும் என் மனைவியுமே பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாளில் சொன்னபடி, பசையை மட்டும் நம்பிச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பேனல் 240 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் 21 மி.மீ. தடிமனும் உடையது. அந்தத் தடிமனில் 9 மி.மீ. ஃபெல்ட், பாலியஸ்டர் இழைகளை அழுத்திச் செய்தது. மீதி 12 மி.மீ. எம்.டி.எஃப். சட்டம், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. சட்டத்தின் முகத்தில் மட்டும் அசல் மரத்தைத் தாள்போல் சீவி, வெனீராக ஒட்டியிருக்கிறார்கள். ரேகைகள் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் ஓடுவதால், மர வண்ணம் அச்சிட்ட தாளை ஒட்டிய மலிவு வகையிலிருந்து இதைப் பார்த்த உடனேயே பிரித்தறியலாம். சட்டத்தின் அகலம் 27 மி.மீ., அடுத்த சட்டத்துக்கு இடைவெளி 13 மி.மீ.; ஆக 4 செ.மீ.க்கு ஒன்று வீதம் ஒரு பேனலில் 15 சட்டங்கள். இந்த 4 செ.மீ. கணக்கை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பின்னால் எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகிறது.

முதல் நாள் தாளில் சொன்னபடியே செய்தோம். பேனலின் முதுகில் பசைத் துப்பாக்கியால் நீளவாக்கில் ஐந்து கோடுகள் இழுத்து, சுவரில் அழுத்தி, முட்டுக்கொடுத்து விட்டுப் படுத்தோம். காலையில் பேனல் மேல் விளிம்பிலிருந்து பாதி உயரம் வரை சுவரை விட்டு விலகிச் சாய்ந்து நின்றது. கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, பசைக்கோடுகள் ஐந்தும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெளிர்நீலப் பெயின்ட் தோல்போல உரிந்து வந்து ஒட்டியிருந்தது. பசை தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பழைய பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்தால் மாவுபோல் கையில் படிகிற பூச்சின் மேல் எந்தப் பசையும் நிற்காது என்ற ஒரு வரியை அந்தத் தாளில் அச்சிட்டிருந்தால், ஒரு நாள் உழைப்பும் இரண்டு குழாய்ப் பசையும் வீணாகியிருக்காது. தயாரிப்பாளர்மேல் எனக்குள்ள உண்மையான குறை இதுதான்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரியவந்தது. சுவரின் இரு ஓரங்களுக்கும் குறுக்கே நூல் பிடித்துப் பார்த்ததில் நடுவில் 9 மி.மீ. குழி இருந்தது. கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த சுவர் அது. பசைக்கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளத்தைத்தான் நிரப்பும். அதற்கு மேல் பேனல் காற்றில் தொங்கும், அல்லது சுவரின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு இணைப்பில் காட்டிக்கொடுக்கும். ஆகவே முறையை மாற்றினோம். சட்டங்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால் ரீப்பர் எனப்படும் மெல்லிய மரக்கட்டைகளைக் குறுக்குவாட்டில், 60 செ.மீ.க்குள் ஒன்றாக ஐந்து வரிசை அடித்தோம். சுவரில் துளையிட்டு, பிளக் செருகி, ஸ்க்ரூ முடுக்கி, குழி விழுந்த இடத்தில் பிளைவுட் துண்டுகளை அண்டக் கொடுத்து, நூல் எல்லா ரீப்பரையும் ஒரே சீராகத் தொடும் வரை திருத்தினோம். முழு வேலையில் பாதி நேரம் இதற்கே போயிற்று; அந்த நேரம் துளியும் வீணில்லை. துளையிடும் முன் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒயர் ஓடக்கூடிய பாதைகளைச் சாக்பீஸால் குறித்து, அந்தக் கோடுகளை விட்டு விலகியே துளையிடுங்கள்.

பேனலை ரீப்பரோடு பிணைக்க 25 மி.மீ. கறுப்பு ஸ்க்ரூ போதும். சட்டங்களுக்கு இடையிலுள்ள ஃபெல்ட் வழியாக முடுக்கினால், ஓரடி தள்ளி நின்று பார்த்தாலே தலை தெரியாது. ஃபெல்ட் குழிந்து சுருங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிடாதீர்கள்.

அளவு விஷயத்தில் சற்று நிதானித்தது எங்களைக் காப்பாற்றியது. சுவரின் அகலம் 350 செ.மீ.. இடது மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டே போனால் வலது மூலையில் அரைகுறைச் சட்டம் ஒன்று வந்து நிற்கும். வருகிறவர் கண் நேராக அதில்தான் விழும். கணக்கிட்டுப் பார்த்ததில் 87 முழுச் சட்டங்கள் பிடித்து 33 மி.மீ. மிச்சமாகிறது. அதை இரண்டாகப் பகிர்ந்து இரு மூலைகளிலும் 16 மி.மீ. அளவில் விட்டதும், அது சட்டங்களுக்கு இடையிலுள்ள 13 மி.மீ. இடைவெளியின் தொடர்ச்சியாகவே தோன்றியது. அந்த ஓரங்களில் சுவரையும் ரீப்பர் முனைகளையும் முன்கூட்டியே கறுப்படித்து விட்டோம். முதல் பேனலை மூலையை ஒட்டி வைக்காமல் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தினோம். மூலை கீழே போகப் போக 5 மி.மீ. சாய்ந்திருந்தது அந்த இடைவெளியிலேயே மறைந்துவிட்டது.

மூன்றாவது பேனலை மாட்டிய பிறகு ஏதோ உறுத்தியது. இணைப்பில் மட்டும் இடைவெளி இரட்டிப்பாக, 26 மி.மீ. இருந்தது. பேனலின் ஒரு நெடுக்கு ஓரத்தில் சட்டம் விளிம்போடு முடிகிறது. மறு ஓரத்தில் ஃபெல்ட் 13 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. தலைகீழாகத் திருப்பி மாட்டிவிட்டால் நீட்டிய ஓரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். முதுகில் ஓர் அம்புக்குறி இருந்திருந்தால் இது நேராது. பசையாக இருந்தால் பேனலைப் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூ என்பதால் பத்து நிமிடத்தில் கழற்றித் திருப்பி மாட்டினோம். வீட்டு வேலையில் முதன்முறை இறங்குகிறவர்களுக்கு ஸ்க்ரூவையே நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் நாளை கழற்றிக்கொண்டு போகவும் முடியும். சுவரில் மிஞ்சுவது பிளக் துளைகள் மட்டுமே.

அறுப்பது எதிர்பார்த்ததைவிட எளிது. நெடுக்காகக் குறைக்க வேண்டுமானால் ஃபெல்ட்டைக் கூரிய கத்தியால் கீறினாலே சட்ட வரிசை தனியே வந்துவிடும். உயரத்தைக் குறைக்கத்தான் ரம்பம் வேண்டும். கைரம்பமானால் நுண்பல் உள்ளதாக எடுத்து முகத்தை மேலே வைத்தும், பல் மேல்நோக்கி வெட்டுகிற ஜிக்சாவானால் முகத்தைக் கீழே வைத்தும் அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெனீர் சிம்பு சிம்பாகப் பெயரும். வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வதும் உதவும். அறுத்த முனையில் எம்.டி.எஃப்.-இன் பழுப்பு நிறம் பல்லிளிக்கும். உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் ஒரு கை பூசினால் சரியாகிவிடும்.

சுவிட்ச் பெட்டிகளை மட்டும் நாங்கள் தொடவில்லை. ரீப்பரும் பேனலும் சேர்ந்து சுவர் முகம் 4 செ.மீ. முன்னால் வந்துவிடுவதால் பெட்டிகளையும் அந்த அளவுக்கு நீட்டிக் கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் மின் இணைப்புக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே தடுப்பு இருக்காது. அதற்கு எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். தொலைக்காட்சியின் தாங்கியையும் பேனலில் மாட்டாமல், நீண்ட போல்ட் கொண்டு சுவரிலேயே இறக்கினோம்.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளம்பரம் பெரிதும் அதைத்தான் பேசுகிறது. அறையில் முன்பிருந்த எதிரொலி தெளிவாகக் குறைந்திருக்கிறது. கை தட்டினால் வரும் கணகணப்பு இப்போது இல்லை. செய்தி வாசிப்பவரின் சொற்கள் சத்தத்தைக் கூட்டாமலே புரிகின்றன. ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தம் சிறிதும் குறையவில்லை, குறையவும் செய்யாது. அறைக்குள் எழும் ஒலியை உறிஞ்சுவது வேறு, சுவரைத் தாண்டி வரும் ஒலியைத் தடுப்பது வேறு. தடுப்புக்குக் கனம் வேண்டும். பெட்டியில் ‘ஏ வகுப்பு’ என்று அச்சிட்டிருப்பதையும் கவனித்துப் படிக்க வேண்டும். அது ஒலி உறிஞ்சும் திறனை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 11654 தரமுறையில் ஏ (A) முதல் இ (E) வரையுள்ள வகுப்புகளில் முதலாவது. பேனலுக்குப் பின்னால் இடைவெளி விட்டு ராக் வூல் என்னும் கல்நார்ப் பஞ்சு போன்ற, பாறையை உருக்கி இழைத்த பஞ்சை நிரப்பும்போதுதான் பொதுவாக அந்த அளவு கிடைக்கிறது. நேரடியாகச் சுவரில் ஒட்டினால் கீச்சென்ற உச்ச ஒலிகள் அடங்கும், கனத்த தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஈரச் சுவருக்கு இது ஆகாது. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவைத்து, உட்புறம் வியர்த்திருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்; எம்.டி.எஃப். நீரைக் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. குளியலறைக்கு பி.வி.சி. பேனலை நாடுவதே முறை. இடைவெளிகளில் தூசி படிவது உண்மை. வாரம் ஒருமுறை வாக்குவம் கிளீனரின் தூரிகை முனையை மேலிருந்து கீழாக இழுத்தால் கால் மணி நேரத்தில் முடிகிறது. வெனீரின் நிறம் தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதால், வாங்கும்போதே ஒரு பேனல் கூடுதலாக, அதே தொகுதி எண்ணைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.