மேற்கோளா, முன்பரிசா? நோபலைக் கணிக்கும் இரு வழிகள்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள், அக்டோபர் நெருங்கும்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆண்டு நோபல் யாருக்கு? பரிந்துரைகள் 50 ஆண்டுகள் மறைவாக வைக்கப்படுவதால் ஊகமே வழி. அதற்கு இரண்டு தடங்கள் உள்ளன.

ஒன்று, மேற்கோள் எண்ணிக்கை. 2,000 முறைக்கு மேல் பிறரால் எடுத்தாளப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் தருகிறது. 2024-இல் அதில் இடம்பெற்ற டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருமே அடுத்த சில வாரங்களுக்குள் வேதியியல் நோபலைப் பெற்றனர்.

மற்றொன்று, முன்பரிசுகள், அதாவது நோபலுக்கு முன்பே கிடைக்கும் பிற பெரிய விருதுகள். கட்டலின் கரிக்கோவும் டுரூ வைஸ்மனும் 2021-இல் அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கரையும் 2023-இல் நோபலையும் பெற்றார்கள். ஆனால் 2008-இல் லாஸ்கர் பெற்ற விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் 2024 வரை, அதாவது 16 ஆண்டுகள், காத்திருந்தார்கள். காலத்தைச் சொல்லாவிட்டாலும், மருத்துவத்துக்கு நான் இத்தடத்தையே நம்புவேன்; ஏனெனில் மேற்கோள் எண்ணிக்கை ஒரு துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதோடு சேர்ந்தே ஏறும், முன்பரிசு தரும் குழுவோ கண்டுபிடிப்பின் எடையை நேராகப் பார்க்கிறது.

இரண்டுக்கும் பிடிபடாதது, ஒரு பரிசை அதிகபட்சம் மூவரே பகிரலாம் என்ற விதியும் நோபல் குழுவின் தேர்வும். கோட்டயம் மாவட்டத்தில் பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இ.சி.ஜி. சுதர்சன், ஒளியைக் குவாண்டம் இயற்பியலால் விளக்கும் குவாண்டம் ஒளியியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். 2005-இல் அத்துறைப் பணிக்காக இயற்பியல் நோபலின் பாதி ராய் கிளாபருக்குப் போனது; சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு 2010-இல் இயற்பியலுக்கான டிராக் பதக்கம் கிடைத்தது; 2018-இல் அவர் காலமானார்.