கிளவுட்ஃபிரன்ட் அணுகல் பதிவு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

அணுகல் பதிவை (யார், எப்போது, எதைக் கேட்டார் என்ற குறிப்பு) இயக்காமல் விட்ட நாட்களின் விவரத்தைப் பிறகு எங்கிருந்தும் பெற முடியாது. தளத்தைப் பயனருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து தரும் அமேசான் சேவையான கிளவுட்ஃபிரன்டில் புதிதாகத் தளம் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாமாகப் போய் இயக்கும்வரை இந்த வசதி அணைந்தே கிடக்கும். அமேசானின் கோப்புச் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட்டுக்கு அனுப்பச் சொன்னால் பதிவெடுக்கத் தனிக் கட்டணம் இல்லை, எஸ்3-க்கான செலவு மட்டுமே.

பழைய முறையில் பலர் தடுக்கி நிற்பது ஏசிஎல் (பக்கெட்டை யார் அணுகலாம் என்ற பட்டியல்) அனுமதியில். 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் அது அணைக்கப்பட்டே வருகிறது. பதிவு வசதியின் 2024 நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்புக்கு அது தேவையில்லை. அதில் ஜேசன் என்ற தரவு வடிவிலும் பதிவுகளைப் பெறலாம். இன்று தொடங்குபவர்கள் தயங்காமல் இரண்டாம் பதிப்பையே எடுக்கலாம்.

ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி. நான் அன்றாடம் பார்ப்பவை விளிம்பு இடம் (கோரிக்கையைக் கையாண்ட அருகிலுள்ள சர்வர் இருக்கும் இடம்), முடிவு வகை, வினவல் சரம் (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) ஆகிய மூன்றும்தான். விளிம்பு இடம் விமான நிலையக் குறியீட்டில் தொடங்கும்; எம்ஏஏ என்றால் சென்னை. முடிவு வகை ஹிட் என்றால் விளிம்பிலேயே கிடைத்துவிட்டது, மிஸ் என்றால் கோரிக்கை தளத்தின் மூலச் சர்வர்வரை போயிருக்கிறது. ஒரு தளத்தில் ஒரே படத்துக்கு மிஸ் வரிகள் அடுக்கடுக்காக விழுந்தன. வினவல் சரத்தைப் பார்த்தால், வரிக்கு வரி வேறு விளம்பரக் குறி! விளிம்பில் சேமித்த நகலை அடையாளம் காணும் கேஷ் திறவுகோலில் வினவல் சரம் முழுவதும் சேர்ந்திருந்ததால், ஒரே படம் ஒவ்வொரு முறையும் புதுப் படமாகவே கருதப்பட்டது. அந்தக் குறிகளைத் திறவுகோலிலிருந்து நீக்கியதும் மூலச் சர்வரின் சுமை கண்கூடாகக் குறைந்தது. பதிவு இல்லாதிருந்தால் பெரிய சர்வர் வாங்கச் சொல்லியிருப்பார்கள்.

நிலைக் குறியீடு 000 என்று வந்தால், பதில் கிடைக்குமுன் பயனர் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்று பொருள். எந்தப் பக்கம் பொறுமையைச் சோதிக்கிறது என்பதைத் தேட நான் தொடங்கும் இடம் அந்த வரிகள்தான்.

பதிவில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கோப்புகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், சில நேரம் 24 மணி நேரம்கூட ஆகும். அரிதாகச் சில வரிகள் வராமலே போகலாம் என்பதால் பில்லைச் சரிபார்க்க இது உதவாது. உடனுக்குடன் வேண்டுமென்றால் கட்டணத்துடன் நிகழ்நேரப் பதிவு இருக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி இருப்பதை மறக்க வேண்டாம். பதிவுக்குத் தனி பக்கெட் வையுங்கள், அதைப் பொதுவில் திறந்து வைக்காதீர்கள், அவசியமின்றிக் குக்கீகளைப் பதியாதீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு 180 நாள் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குச் சற்றுக் கூடுதலாக வைத்துவிட்டு, தானாக அழியும்படி பக்கெட்டிலேயே விதி எழுதியிருக்கிறேன்.