ஆற்று மணலா, எம்-சாண்டா?

வீடு கட்டத் தொடங்கும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

விலை: ஆற்று மணல் அதிகம், கிடைப்பதும் அரிது. கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட் மலிவு.

தூய்மை: ஆற்று மணலில் வண்டல் பயம். எம்-சாண்டில் கல்தூள் பயம்.
கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி 3 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் சேறு, மணல் அளவில் 8 சதவீதத்தைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். தயங்கவே வேண்டாம்.

உறுதி: தரமானதாக இருந்தால் இரண்டும் சமம். உடைகல் மணலையும் ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரக்குறியீடு ஏற்கிறது.

வேலை: ஆற்று மணல் உருண்டை மணி, கலவை இலகுவாக இழுபடும். எம்-சாண்ட் முனை கூர்ந்தது, தண்ணீர் அதிகம் கேட்கும். கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றும் அந்த நிமிடத்தில்தான் கான்கிரீட் வலுவிழக்கிறது. பக்கத்தில் நின்று தடுங்கள்.

தூண், உத்தரம், தளத்துக்குக் கழுவிய எம்-சாண்டே போதும். பூச்சுக்கு நல்ல ஆற்று மணல் கிடைத்தால் அதுதான் என் தேர்வு, கிடைக்காவிட்டால் பூச்சுக்கென்றே நுண்ணியதாகச் செய்யும் உடைகல் மணலான பி-சாண்ட். எம்-சாண்ட் என்ற பெயரில் வரும் கிரஷர் தூளை (கல் உடைக்கும் ஆலையில் மிஞ்சும் தூள்) மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.