பரவைக்கடலில் கயாக் விடக் கூப்பிடுகிறார்களா? காசு போட முதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் (கடல்நீரேரியில்), கண்டல் காட்டுக்குள் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) பயணம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கும் ஒரு குழுவைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. பக்கத்தின் பெயரை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பதால் சொல்லியும் பயனில்லை. ஆனால் வேலை செய்யும் விதம் மாறாது. அதைத் தெரிந்துவைத்திருங்கள்.

ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. மச்சாள் வீட்டாரும் பிள்ளைகளும் சேரப் பதினாலு பேர். தலைக்கு 3,500 ரூபா. காலை ஆறு மணிக்குத் தொடக்கம், பயிற்சி பெற்ற வழிகாட்டி, எல்லாருக்கும் லைஃப் ஜக்கெற், சிற்றுண்டி, பூநாரைக் கூட்டம் என்று வட்ஸ்அப்பில் பெரிய பட்டியலே வந்தது. பாதிக்காசை முற்பணமாக ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு கேட்டால், "அண்டைக்கு வரேக்க தாறம் அக்கா" என்று பதில்.

விளம்பரப் படத்தில் மரங்கள் இரண்டு பக்கமும் ஓங்கி, மேலே கிளை கோத்து, நடுவில் பச்சைத் தண்ணீர். மச்சாளின் கணவர் தாவரவியல் படிப்பிக்கிறவர். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கரையோரம் நின்றது நிப்பா பனை. அது தெற்கே மழை கூடின பக்கத்து ஆற்றுமுகங்களில் வளர்வது. நம்முடைய பக்கம் மழை குறைவு, உப்பு கூட. இங்கே பெரும்பாலும் கண்ணா, கண்டல் மரங்கள் குட்டையாகத்தான் நிற்கும். அதுவும் வடிவுதான், ஆனால் அந்தப் படம் இந்த ஊர் இல்லை. பூநாரைக் கதையும் அப்படித்தான். அவை பெருங்கூட்டமாக வருவது மாரிக்காலத்தை ஒட்டி. ஓகஸ்டில் ஆறேழு கொக்கு பார்த்தோம்.

பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பக்கம் அவர்கள் சொன்ன இடத்தில் ஆறு மணிக்கு நாங்கள் நின்றோம். கயாக் ஏற்றிய லான்ட்மாஸ்ரர் (பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரம்) ஒன்பதரைக்கு வந்தது. இரண்டு பேர் இருக்கும் கயாக் ஏழு வேண்டும், வந்தது ஐந்து. பெரியவர்கள் இருவருக்கு நடுவே ஒரு பிள்ளையை இருத்தினார்கள். லைஃப் ஜக்கெற் எல்லாம் ஒரே அளவு, பெரியாட்களின் அளவு. பாதி ஜக்கெற்றில் கொளுவி உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. என் மகனுக்குப் போட்டுத் தோளில் பிடித்துத் தூக்கினேன், ஜக்கெற் காதுவரை ஏறி வந்தது. தண்ணீரில் விழுந்தால் ஜக்கெற் மிதக்கும், பிள்ளை கீழே வழுகிப் போய்விடும். இதைச் சொன்னபோது வழிகாட்டி என்று வந்த பொடியன் சொன்னான்:

"இடுப்பளவு தண்ணிதானே அக்கா, விழுந்தா எழும்பி நிக்கலாம்."

இந்த வசனத்தைத்தான் முக்கியமாக நினைவில் வைத்திருக்கச் சொல்கிறேன். பரவைக்கடல் ஆழம் குறைவு என்பது உண்மை. ஆனால் அடியில் இருப்பது மணல் இல்லை, சுரி, அதாவது சேறு. காலை ஊன்றினால் முழங்கால் வரை இறங்கும், பதற்றத்தில் இழுக்க இழுக்க இன்னும் இறங்கும். கண்ணா மரத்தைச் சுற்றிச் சுவாசவேர்கள் ஆணி அடித்ததுபோல் மேல்நோக்கி நிற்கின்றன. கண்டல் வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி, பிளேட் மாதிரி வெட்டும். பெரியவருக்கு இடுப்பளவு என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கழுத்தளவு. ஆழமில்லை என்று ஒருவர் சொன்னால், பாதுகாப்புக்குச் செலவழிக்கவில்லை என்று சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. ஓகஸ்ட் சோளகக் காலம், தென்மேற்குக் காற்று வீசும் காலம். விடிய அடங்கிக் கிடக்கும் காற்று வெயில் ஏற ஏற எழும்பும். இது இங்கே கடற்கரையில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்து மணிக்கு இறக்கிவிட்டார்கள். போகும்போது காற்று முதுகில் தள்ளியது, எல்லாருக்கும் நல்ல சந்தோசம். சித்தப்பா பாட்டுக்கூடப் பாடினார். மரங்களுக்குள் நுழைந்த இடத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு அடியைத் தாண்டுவது அரிது. ஆனால் ஓடை முழுவதுமே இரண்டடித் தண்ணீர் என்றால் அரை அடி இறங்கினாலே போதும், கயாக் தரை தட்டிவிடும். தட்டியது. இறங்கித் தள்ளப்போன தம்பியின் பாதத்தைச் சிப்பி கிழித்தது. முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறதாம், லான்ட்மாஸ்ரரில்.

வழி எடுக்கப் பொடியன் ஒரு கிளையைப் பிடித்து முறிக்கப் போனான். மச்சாளின் கணவர் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டான். அது தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்டலுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகிறவனுக்குத் தில்லை தெரியாது!

வெளியே வந்தபோது காற்று முகத்துக்கு நேரே. துடுப்புப் போடப் போட நின்ற இடத்திலேயே நின்றோம். கடைசியில் இரண்டு கயாக் காற்றில் அள்ளுப்பட்டுப் போய் ஒரு சிறகுவலையின் (தடி நட்டுக் கட்டும் மீன்வலையின்) தடிகளில் சிக்கின. வலை கிழிந்தது. ஒரு கயாக் கவிழ்ந்து மச்சாளும் மகளும் தண்ணீரில். பொடியன் "ஆள் கூட்டியாறன்" என்று தன் கயாக்கில் போனவன் திரும்பி வரவில்லை. வலைக்காரர்தான் வள்ளத்தில் வந்து எங்களை ஏற்றினார்.

"சோளகம் எழும்பின பிறகு ஆர் பிள்ளை உங்களை இதுக்க இறக்கினது?" என்று ஏசிக்கொண்டே இழுத்துக் கரை சேர்த்தார். ஏற்றியதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வலைக்கு மட்டும் வற்புறுத்திக் கொடுத்தோம். நியாயப்படி அது அந்தக் குழு கொடுக்கவேண்டிய காசு.

கரையில் அவர்கள் மீதிக்காசு கேட்டார்கள்! ட்ரோன் படம் எடுத்ததற்குத் தனியாக 5,000. சித்தப்பா சண்டை வேண்டாமென்று மீதியைக் கொடுத்துவிட்டார், ட்ரோன் காசை நான் கொடுக்க விடவில்லை. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, காலநிலைக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். அடுத்த நாள் என் நம்பரை மறித்துவிட்டார்கள்.

கயாக் விடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்குனி, சித்திரையில் காற்று அடங்கியிருக்கும் காலத்தில், விடியப்புறம் போய் வெயில் ஏற முதல் திரும்பினால் அருமையான இடம். காசு போடும் முன் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளின் நிறையைச் சொல்லி அதற்கேற்ற ஜக்கெற்றின் படம் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை கயாக்குக்கு ஒரு வழிகாட்டி, காற்று எழும்பினால் இழுத்துவர இயந்திரப் படகு உண்டா, அந்த இடத்து மீனவர் சங்கத்துக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். உண்மையாகத் தொழில் செய்கிறவர் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார். கரையில் ஜக்கெற் சரியில்லை என்றால் முற்பணம் போனாலும் போகட்டும், ஏறாதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வங்கிச் சிட்டையும் வட்ஸ்அப் உரையாடலும் இணைத்திருக்கிறோம். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. இதே மாதிரி அகப்பட்ட வேறு ஆட்கள் இருந்தால் உரையாடலை அழித்துவிடாமல் நீங்களும் எழுதிக் கொடுங்கள், ஒரே கணக்கு இலக்கத்தின் மேல் பல முறைப்பாடு விழுந்தால்தான் அசைவார்கள்.