சிப்பாயின் மாத்திரையா, தலைவரின் ஊசியா?

சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு வரலாறு எடுக்கும் பிள்ளைகள் சிலர் போர்க்காலப் போதைமருந்து பற்றிக் கட்டுரை எழுதப் போகிறார்கள். சிப்பாய்களை எடுப்பதா, தலைவர்களை எடுப்பதா என்று குழப்பம். சரி, இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

ஆதாரம்
சிப்பாய்: 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜெர்மன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போன மெத்தாம்ஃபெட்டமைன் மாத்திரைகள் 3.5 கோடிக்கு மேல். பெரும்பாலும் பெர்விட்டின் என்ற பெயரில் விற்ற மாத்திரை. தூக்கத்தையும் பசியையும் விரட்டும். அப்புறம் ஆளையே சாய்த்துவிடும்.
தலைவர்: ஹிட்லரின் மருத்துவர் மோரெல் எழுதிவைத்த குறிப்புகள். 1944இல் போட்ட ஊசிகளில் யூக்கோடால் என்ற ஓப்பியாய்டும் (அபின் வகை வலிநிவாரணி) உண்டு. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தை எடுத்துக்கொண்டார்.

எளிமை
தலைவர் கதை சுலபமாக ஓடும். ஆனால் எல்லாப் பழியையும் மருந்தின் தலையில் போட்டுவிடாதீர்கள். ஹிட்லரின் யூத வெறுப்பு அந்த ஊசிகளுக்கு வெகுகாலம் முந்தியது.
சிப்பாய்: உழைப்பு அதிகம்.

நம்மூர்த் தொடர்பு
தலைவர்: ஒன்றுமில்லை.
சிப்பாய்: நிறைய. மலாயாவைப் பிடித்த ஜப்பானும் தன் வீரர்களுக்கு ஹிரோப்பான் என்ற பெயரில் இதே மெத்தாம்ஃபெட்டமைனைக் கொடுத்தது. போருக்குப் பின் அது பொதுமக்களிடம் பரவி, 1951இல் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்று தோட்டத்துப் பையன்களைக் கெடுக்கிற சியாபுவும் அதே பொருள்தான். இதை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாள் குறைவு, சின்னக் கட்டுரை என்றால் தலைவர்களை எடுங்கள். அவகாசம் இருந்தால் சிப்பாய்கள்தான், அதிலும் ஜப்பான் பகுதி.