எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவர்

தான்சானியாவின் மட்வாராவில் முந்திரிக்கொட்டை வாங்கி அனுப்பும் வேலை எனக்கு. விடுப்பில் அம்பாசமுத்திரம் வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. அம்மா தாமிரபரணிக் குளியல் மேல் பழியைப் போட்டுவிட்டு நிலவேம்புக் கஷாயம் வைத்தாள்.

பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் 82,000. டெங்குவாகத்தான் இருக்கும் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மலேரியாவிலும் தட்டணு இப்படி இறங்கும். எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மலேரியாத் தடுப்பு மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது, அது வேறு வெட்கம்.

மூன்றாம் நாள் மூன்று போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. அத்தான் காரில் ஏற்றிப் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆய்வக ஊழியரின் முதல் கேள்வியே, "அண்ணாச்சி, எங்கிருந்து வருகிறீர்கள்?" என்பதுதான். சொன்னதும் விரலைப் பிடித்துக் குத்தினார். ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் தடித்த சொட்டு, மறுபக்கம் நாக்குப் போல மெல்லிய இழுப்பு. தடித்ததில் கிருமி உண்டா என்று தேடுவார்களாம். மெல்லியதில் எந்த இனம், எவ்வளவு என்று பார்ப்பார்களாம். ஒருமுறை ஒன்றுமில்லை என்று வந்தால் நம்பிவிடக் கூடாது, 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார்: சிவப்பணுக்களுக்குள் கல் வைத்த மோதிரங்கள், சிலவற்றில் இரண்டிரண்டு. மலேரியாக் கிருமிகளில் ஃபால்சிபாரம் என்கிற இனம்.

இந்த வகை வெகு சீக்கிரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும் என்பதால் படுக்கையில் சேர்த்தார்கள். முற்றியிருந்தால் ஆர்டிசுனேட் ஊசி. எனக்கு மாத்திரையே போதுமாக இருந்தது. மூன்று நாளும் ஆர்டிசுனேட், முதல் நாள் மட்டும் கூடவே சல்ஃபாடாக்சின், பைரிமெத்தமின் சேர்ந்த மாத்திரை. இரண்டாம் நாள் ப்ரைமாக்வின் ஒரே வேளை. அது எனக்காக அல்ல, என்னைக் கடிக்கும் கொசு கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோகாமல் இருக்க. ஒரு பைசா வாங்கவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். "நான் பாபநாசம் தாண்டியதில்லையே தம்பி" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா விரலை நீட்டினாள். அவர் மாடியேறி மேல்தொட்டிக்குள் டார்ச் அடித்தார். மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், குடிக்கிற நல்ல தண்ணீர் போதும். மூடி உடைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சாயங்காலம் பார்த்தால் தொட்டி வாயில் அப்பாவின் பழைய வேட்டி, நான்கு சுற்றுக் கயிற்றோடு.