ஆறு கியர் போட்டேன், பின் ஆக்ஸிலை மறந்தேன்: டி56 மேக்னம், 9,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் காரில் கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றிய 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின். அதோடு பழைய மன்சி எம்21 நாலு கியர் பாக்ஸ், பின்னால் 4.10 ஆக்ஸில்; அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.10 சுற்று சுற்ற வேண்டும். ஊருக்குள் ஓட்ட அருமையான ஜோடி. ஆனால் டாப் கியர் 1.00 (இன்ஜின் சுற்று குறையாமல் கூடாமல் அப்படியே ஆக்ஸிலுக்குப் போகும்) என்பதால், 652 மில்லிமீட்டர் உயர டயரில் 100 கிமீ வேகத்துக்கே 3,300 ஆர்பிஎம் தாண்டிவிடும். ரெண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி இறங்கினால் காதுக்குள் வண்டு. அதற்காகத்தான் ட்ரெமெக் டி56 மேக்னம் என்ற ஆறு கியர் பாக்ஸ் வாங்கினேன். 4.10ஐத் தொடவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

முதல் நாளே பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "என்னடா, வண்டி நகர்றதுக்குள்ள ரெண்டாவது கியரா?"

எம்21இன் முதல் கியர் 2.20. அதை 4.10ஆல் பெருக்கினால் 9 சொச்சம். மேக்னத்தின் முதல் கியர் 2.66; அதே ஆக்ஸிலோடு 10.9. அதாவது சக்கரத்துக்குப் போகும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஏற்கெனவே தரையைப் பிடிக்கத் திணறும் 275 மில்லிமீட்டர் அகல டயருக்கு இது எதற்கு? கால் வைத்தால் புகை, கொஞ்சம் விட்டால் 73 கிமீயில் முதல் கியர் முடிந்துபோகும். எண் பெரிதானால் வண்டி பறக்கும் என்பதெல்லாம் மெலிந்த இன்ஜினுக்குத்தான்.

அப்புறம் ஆக்ஸிலுக்கு 3.73 பல்சக்கர செட் வாங்கினேன். பிரித்து எண்ணிப் பார்த்தேன்: கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 41 பல், அதைச் சுற்றும் சின்ன பினியனில் 11. கழற்றிய 4.10இலும் கிரவுனுக்கு 41தான், பினியனுக்கு 10. ஒரே ஒரு பல்! அதற்கே முதல் கியர் 80 கிமீ வரை நீள்கிறது, ஆறாவதில் 100 கிமீக்கு 1,900 ஆர்பிஎம். இப்போது முதல் கியரில் அரை மிதி மிதித்தாலும் டயர் சொன்னபடி கேட்கிறது.

மாட்டித் தந்த ஒர்க்‌ஷாப் மட்டும் சொதப்பியது. 80 கிமீயில் ஆக்ஸிலேட்டரை லேசாக வைத்தால் பின்னாலிருந்து ஒரு ஊளை. வேறொருவரிடம் போய்ப் பிரித்தோம். பல்லில் மஞ்சள் மை தடவிச் சுற்றினால், பதிவு பல்லின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்திருந்தது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி, பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டத்தை, 0.2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். ஊளை போச்சு. மாட்டி முடித்ததும் அந்த மைப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்; காட்டத் தயங்கினால் சாவியை வாங்காதீர்கள். புது செட்டை முதலில் இருபது நிமிடம் நிதானமாக ஓட்டி ஆறவிட வேண்டும், 800 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தாங்கும் டார்க் 700 பவுண்டு-அடி, என் இன்ஜினுக்குத் தாராளம். கேபிள் ஸ்பீடோமீட்டருக்கும் எலக்ட்ரானிக்குக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஊற்ற வேண்டியது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய எண்ணெய். பழக்கதோஷத்தில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்.

இதிலேயே முதல் கியர் 2.97, ஆறாவது 0.50 என்று இன்னொரு வகை உண்டு. அதில் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் ஆர்பிஎம் மூன்றில் ஒரு பங்கு விழும். 3.73 ஆக்ஸிலோடு 100 கிமீயில் 1,500தான் காட்டும். என் கேம் 1,800க்குக் கீழே கழுதை மாதிரி உதைக்கும், ஆகவே வேண்டாம் என்றேன். கேம் மாற்றாத இன்ஜினுக்கு அது சுகமாக இருக்கும். சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி சக்தி கூட்டும் கருவி) ஆசை இருந்தால் 2.66 வகையோடு 3.42 ஆக்ஸில் போடுவேன். ஆறு கியர் அவசியமில்லை, டனலிலும் (கியர்பாக்ஸ் உட்காரும் தரை மேடு) இடம் குறைவு என்பவர்கள் 600 பவுண்டு-அடி தாங்கும் ட்ரெமெக்கின் ஐந்து கியர் பாக்ஸான டிகேஎக்ஸைப் பார்க்கலாம்.

கழற்றிய 4.10 செட் எண்ணெய்த் துணி சுற்றி பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது. நண்பன் கேட்கிறான். அவன் வண்டியில் இன்னும் நாலு கியர்தான், தாராளமாக எடுத்துப்போகட்டும்.